வாட்ச்மென் தொடர் காமிக்ஸுக்கு உண்மையாக இருக்கிறதா?

கேள்வி இதுதான்: "2009-ல் வந்த வாட்ச்மென் படத்தைப் பார்த்திருக்கிறேன். காமிக்ஸ் படித்ததில்லை. இப்போது ஹெச்பிஓவின் 2019 தொடரையும் பார்த்து முடித்துவிட்டேன். வானத்திலிருந்து குட்டிக் கணவாய்கள் ஏன் மழையாகக் கொட்டுகின்றன என்றே புரியவில்லை, படத்தில் அப்படி எதுவும் கிடையாதே? ரசிகர்களில் ஒரு பக்கத்தார் காமிக்ஸுக்கு இவ்வளவு விசுவாசமான தொடர்ச்சி வேறு இல்லை என்கிறார்கள், இன்னொரு பக்கத்தார் காமிக்ஸுக்குச் செய்த துரோகம் என்கிறார்கள். எது சரி?"

நீங்கள் தொடரை முழுக்கப் பார்த்துவிட்டதால் கதையை மறைக்காமலே எழுதுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் அந்தக் கணவாய். டேமன் லிண்டலாஃப் எடுத்த தொடர் படத்தின் தொடர்ச்சி இல்லை. ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, ஜான் ஹிக்கின்ஸ் வண்ணம் தீட்டி, 1986, 87 ஆண்டுகளில் டிசி காமிக்ஸ் 12 இதழ்களாக வெளியிட்ட கதையின் தொடர்ச்சி அது. இரண்டுக்கும் முடிவே வேறு. படத்தில் முன்னாள் முகமூடி வீரன் அட்ரியன் வைட் பல நகரங்களை வெடிக்கச் செய்து பழியை, அசாத்திய சக்தி கொண்ட டாக்டர் மன்ஹாட்டன் மேல் போடுவான். காமிக்ஸில் அவன் செய்வது இன்னும் விபரீதமானது. ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் விஞ்ஞானிகளையும் ரகசியமாக ஒரு தீவில் வைத்து, ராட்சதக் கணவாய் போன்ற ஓர் உயிரை உருவாக்குகிறான். அதற்குள் மனோசக்தி உள்ள ஒருவரின் மூளையிலிருந்து வளர்த்த மூளை. 1985 நவம்பர் 2 அன்று அதை நியூயார்க்கின் நடுவில் தோன்ற வைக்கிறான். வந்து விழுந்தவுடன் அது சாகிறது, சாகும்போது கிளம்பும் மன அதிர்வு அலையில் நகரத்தின் பாதி செத்துப்போகிறது. வேற்றுலகத்திலிருந்து படையெடுப்பு என்று நம்பி அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதப் போரைக் கைவிடுகின்றன.

படம் எடுத்தவர்கள் இதைத் திரையில் காட்டினால் நம்பமாட்டார்கள் என்று நினைத்து மாற்றியிருக்கலாம். அந்த மாற்றத்தில் ஒரு தர்க்கமும் இருந்தது. ஆனால் தொடர் அதைக் கண்டுகொள்ளாமல் நேராகக் காமிக்ஸின் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. நீங்கள் குழம்பியதற்குக் காரணம் இதுதான். அந்தப் பொய் 34 வருடம் நிலைக்க வேண்டுமென்றால் மக்களுக்குப் பயம் விட்டுப்போகக் கூடாது, அதனால் வைட்டின் இயந்திரம் அவ்வப்போது குட்டிக் கணவாய்களை வானத்திலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் எபிசோடில் நாயகி ஏஞ்சலா காரை ஓரமாக நிறுத்தி, மழை ஓய்ந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சாதாரணமாகக் கிளம்பிப் போவாளே, எனக்கு மிகப் பிடித்த காட்சிகளில் அது ஒன்று. ஒரு சொல் விளக்கம் இல்லை. அந்தச் சலிப்பிலேயே 34 வருடக் கதை முழுவதும் இருக்கிறது.

சரி, விசுவாசமா துரோகமா என்பதற்கு வருகிறேன். ரசிகர்கள் பெரும்பாலும் விசுவாசம் என்ற சொல்லை, காமிக்ஸில் இருந்த காட்சி அப்படியே திரைக்கு வந்ததா, உடை அதேதானா, வசனம் அதேதானா என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கணக்கில் 2009 படம்தான் விசுவாசமானது, பல பேனல்களை ஒளிப்பதிவிலேயே அச்செடுத்தாற்போல் எடுத்திருந்தார்கள். ஆனால் தொடர்ச்சி எழுதுகிறவருக்கு அந்த அளவுகோல் பயன்படாது. அவர் படியெடுக்க எதுவுமே இல்லை, கதை ஏற்கெனவே முடிந்துவிட்டது. மூலத்தில் நடந்ததெல்லாம் உண்மையாகவே நடந்தது என்று எடுத்துக்கொண்டு, அதன் விளைவு என்னவாக இருக்கும் என்று கடைசி வரை யோசிப்பதுதான் அவர் செய்யக்கூடிய விசுவாசம். அந்தப் பொருளில் இந்தத் தொடர் அளவுக்கு மூலத்தை உன்னிப்பாகப் படித்த இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

உன்னிப்பாக என்று நான் சொல்வது கதையை மட்டும் இல்லை, பின்பக்கங்களையும். காமிக்ஸை நீங்கள் படிக்காததால் இதைச் சொல்ல வேண்டும். 12 இதழ்களில் கடைசி இதழைத் தவிர ஒவ்வொன்றின் முடிவிலும் சில பக்கங்களுக்குப் படக்கதை இருக்காது, ஆவணங்கள் இருக்கும். ஹாலிஸ் மேசன் என்ற பழைய முகமூடி வீரர் எழுதிய சுயசரிதையிலிருந்து சில அத்தியாயங்கள், மனநல மருத்துவரின் குறிப்புகள், பத்திரிகைப் பேட்டி, கடிதங்கள், இப்படி. அவசரமாகப் படிப்பவர்கள் அவற்றைத் தாண்டிவிடுவார்கள். லிண்டலாஃபும் அவருடைய எழுத்தாளர்களும் தொடரின் முதுகெலும்பையே அங்கேதான் கண்டெடுத்தார்கள்.

ஹூடட் ஜஸ்டிஸ் விஷயத்தைப் பாருங்கள். காமிக்ஸில் இவர்தான் முதல் முகமூடி வீரர், 1938-ல் தோன்றுகிறார். தலையை மூடிய துணி, கழுத்தில் தூக்குக் கயிறு. அவர் யார் என்பதைக் காமிக்ஸ் கடைசி வரை உறுதியாகச் சொல்லாது. ஜெர்மன் பின்னணி கொண்ட ஒரு சர்க்கஸ் பலசாலியாக இருக்கலாம் என்று ஒரு பத்திரிகை ஊகித்ததை மேசன் தன் புத்தகத்தில் குறிப்பிடுகிறார், அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு மேல் எத்தனையோ லட்சம் பேர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோம், நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் கழுத்தில் தூக்குக் கயிறோடு ஏன் ஊரைச் சுற்றுகிறார் என்ற எளிய கேள்வியை நான் கேட்டதே இல்லை. தொடர் கேட்டது. அந்த நாட்டில் தூக்குக் கயிறு யார் கழுத்தில் விழுந்தது என்று யோசித்தால் பதில் ஒன்றுதான்.

ஆறாவது எபிசோடில், ஏஞ்சலாவின் தாத்தாவான வில் ரீவ்ஸ் என்ற கறுப்பினப் போலீஸ்காரரைச் சக போலீஸ்காரர்களே மரத்தில் தொங்கவிட்டு, சாகுமுன் அறுத்துவிட்டு எச்சரித்துப் போகிறார்கள். கயிறு கழுத்திலும் துணி கையிலுமாக அவர் வீட்டுக்கு நடந்து வரும்போது, வழியில் ஒரு ஜோடியை ரவுடிகள் மறித்து அடிப்பதைப் பார்க்கிறார். துணியைத் தலையில் மாட்டிக்கொண்டு பாய்கிறார். இதே சம்பவம், தியேட்டரிலிருந்து திரும்பும் ஒரு ஜோடியைத் தாக்கியவர்களை முகமூடிக்காரர் ஒருவர் அடித்து நொறுக்கினார் என்று, மேசனின் புத்தகத்தில் சில வரிகளில் வருகிறது. அந்தச் சில வரிகளைத் தொடர் மாற்றவே இல்லை, அவற்றுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைத்தான் சேர்த்தது. காமிக்ஸில் கண்ணைச் சுற்றித் தெரியும் தோல் வெளுப்பாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறார்கள், கண்ணைச் சுற்றி அவர் வெள்ளை மை பூசிக்கொள்வார். கேப்டன் மெட்ரோபாலிஸ் என்ற இன்னொரு முகமூடி வீரருடனான காதல் உறவும் தொடர் இட்டுக்கட்டியது இல்லை, மூலத்தில் ஒரு கடிதத்தில் பூடகமாக இருக்கிறது. கறுப்பினத்தவர்களைப் பற்றி அதே கேப்டன் மெட்ரோபாலிஸ் மோசமாகப் பேசியவர் என்பதும் மேசனின் புத்தகத்தில் இருக்கிறது. தொடரில் வில் உதவி கேட்டதை அவர் தட்டிக்கழிக்கும்போது அந்த வரிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் துரோகம் என்று சொல்பவர்கள் கையில் ஒரு வலுவான சான்று இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. பேர்ல் ஹார்பருக்கு முன்னால் ஹூடட் ஜஸ்டிஸ் ஹிட்லரின் ஆட்சியைப் பாராட்டிப் பேசினார் என்றும் அதே மேசன் எழுதியிருக்கிறார். வில் ரீவ்ஸ் அப்படிப் பேசுவாரா? முகமூடி கலையாமல் இருக்க வெள்ளைக்காரராக நடித்தவர் அதற்காக இதையும் பேசியிருக்கலாம் என்று சில ரசிகர்கள் சமாளிக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தொடர் அந்த வரியைப் பேசாமல் விட்டுவிட்டது என்பதே நேர்மையான பதில். இது ஓட்டைதான். இந்த ஓட்டைக்காக அந்த எபிசோடை இழக்க நான் தயாராக இல்லை என்பதும் உண்மை.

அடுத்து அதிகம் கோபப்படுத்திய விஷயம், ரோர்ஷாக். காமிக்ஸின் பிரபலமான பாத்திரத்தின் முகமூடியை வெள்ளை இனவெறிக் கும்பல் ஒன்று போட்டுக்கொண்டு வருகிறது, இது அவமானம் என்று பலர் கொதித்தார்கள். அவர்களிடம் நான் கேட்பது, காமிக்ஸின் கடைசிப் பக்கத்தில் ரோர்ஷாக்கின் நாட்குறிப்பு யார் கையில் சிக்கப் போகிறது என்பதைத்தான். நியூ ஃபிரன்டியர்ஸ்மேன் என்ற தீவிர வலதுசாரிப் பத்திரிகை. ரோர்ஷாக் தவறாமல் வாங்கிப் படித்த பத்திரிகை, அவரே அதற்குத்தான் அனுப்பிவைத்தார். எட்டாவது இதழின் பின்பக்கத்தில் அந்தப் பத்திரிகையின் தலையங்கம் இருக்கிறது, போய்ப் படித்துப் பாருங்கள். முகமூடி வீரர்களை ஆதரிக்கும் சாக்கில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்கே வக்காலத்து வாங்குகிறது. மூர் 1987-லேயே போட்டுவைத்த விதை அது. அந்தப் பத்திரிகையின் வாசகர்கள் வழியாக நாட்குறிப்பு உலகத்துக்குப் போனால் 30 வருடத்தில் அதைக் கொண்டாடும் கூட்டம் எப்படி இருக்கும்? ரோர்ஷாக் இனவெறியர் என்று தொடர் எங்கேயும் சொல்லவில்லை. அவரைத் தங்களுக்கு வேண்டியபடி படித்துக்கொண்டவர்களைக் காட்டுகிறது. ரோர்ஷாக்கை ஒரு எச்சரிக்கையாக எழுதினேன், ஆனால் வாசகர்கள் அவரை நாயகனாக்கிக்கொண்டார்கள் என்று மூரே வருத்தப்பட்டிருக்கிறார். அந்த வருத்தம் தொடரில் கதையாகவே மாறியிருக்கிறது.

இப்படி மூலத்தில் ஓரமாகக் கிடந்தவை தொடரில் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று தேடத் தொடங்கினால் நிறுத்த முடியாது. கடைசி இதழில் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1988 தேர்தலில் நிற்கக்கூடும் என்று ஒரு செய்தி போகிறபோக்கில் வரும், தொடரில் அவர் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஜனாதிபதி. 1977-ல் முகமூடி வீரர்களைத் தடைசெய்த கீன் சட்டம் காமிக்ஸில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்த செனட்டரின் மகன் தொடரில் வருகிறான், இப்போது முகமூடி போடுவது போலீஸே. அன்று முகமூடிக்காரர்களை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களும் போலீஸ்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் திருப்பம் எவ்வளவு கசப்பானது என்று புரியும். சில்க் ஸ்பெக்டர் என்ற முகமூடி வீராங்கனை லாரி காமிக்ஸின் முடிவில் தன் அடுத்த உடை தோலில் இருக்கலாம், துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று பேசுவாள், அது அவளுடைய அப்பாவான காமெடியனின் சாயல். தான் வெறுத்த அந்த அப்பாவின் பெயரையே சேர்த்துக்கொண்டு லாரி பிளேக் என்ற எஃப்பிஐ அதிகாரியாகத் தொடரில் வந்து நிற்கிறாள். வைட் தன்னுடைய வியட்நாமிய வேலையாட்களுக்கு விஷம் கொடுத்துக் கொன்றது காமிக்ஸில் ஒரு சிறிய காட்சி. அவன் ஆள் வைத்திருந்த அந்த இடத்திலிருந்து தப்பிய ஒரு வியட்நாமியப் பெண்ணின் மகளாக லேடி ட்ரியூவை உருவாக்கினார்கள். அவனுடைய காலடியில் பெயரில்லாமல் செத்தவர்களின் பக்கத்திலிருந்து அவனுக்குச் சமமான ஒருத்தி எழுந்து வருகிறாள். இதை நான் இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

டாக்டர் மன்ஹாட்டன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவருக்கு நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும். காமிக்ஸின் நாலாவது இதழ் முழுக்க அந்த உணர்விலேயே எழுதப்பட்டது. செவ்வாய் கிரகத்தில் ஒரு பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பேனலுக்குப் பேனல் வருடங்கள் முன்னும் பின்னும் தாவும். தொடரின் எட்டாவது எபிசோட் அதே உத்தியை ஒரு மதுக்கடை மேசையில் நடக்கும் காதல் பேச்சுக்குக் கொண்டுவருகிறது. 2009-ல் வியட்நாமில் ஏஞ்சலாவைச் சந்திக்கும்போதே பத்து வருடம் கழித்து நடக்கப்போகும் சோகத்தையும் அவர் அனுபவித்துக்கொண்டிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. 2019-ல் நிற்கும் ஏஞ்சலா, அவர் வழியாக, 2009-ல் இருக்கும் தன் தாத்தாவிடம் கேட்கிறாள்: போலீஸ் தலைவர் ஜட் கெட்டவர் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அந்தப் பக்கத்திலிருந்து தாத்தா திருப்பிக் கேட்கிறார், ஜட் யார் என்று. அவள் கேட்டதனால்தான் அவருக்கே தெரிந்தது. முதல் எபிசோடின் கொலைக்கு அவளே காரணம் என்று அந்த ஒரு நொடியில் புரிகிறது. மூலம் வகுத்த விதியை எடுத்து, மூலமே போகாத தூரத்துக்குக் கொண்டுபோய் வைத்த இடம் இது. அவருடைய பார்வையை மறைக்க டாக்கியான் துகள்களைப் பயன்படுத்துவதும் காமிக்ஸில் வைட் செய்த தந்திரமே.

வடிவத்திலும் மரியாதை இருக்கிறது. காமிக்ஸ் ஒன்பது பேனல் கட்டம், நடுவில் ஒரு கடற்கொள்ளைக் காமிக்ஸ், பின்பக்க ஆவணங்கள் என்று காமிக்ஸால் மட்டுமே முடிந்தவற்றைச் செய்தது. தொடர் அந்தக் கட்டத்தைப் போலிசெய்யவில்லை. தொலைக்காட்சியால் என்ன முடியுமோ அதைச் செய்தது. ஆறாவது எபிசோடில் பேத்தி தாத்தாவின் நினைவுக்குள் நடந்து போவதைக் கறுப்பு வெள்ளையில் நீளமான ஷாட்களில் எடுத்தார்கள், முகம் மாறுவதுகூட வெட்டாமலே நடக்கும். கடற்கொள்ளைக் கதைக்குப் பதிலாகக் கதைக்குள் ஒரு டிவி தொடர். பின்பக்கங்களுக்குப் பதிலாக, எஃப்பிஐ அதிகாரி பீட்டி தொகுத்ததாகச் சொல்லி எபிசோடுகளோடு சேர்ந்து ஹெச்பிஓ இணையத்தில் ஆவணங்களை வெளியிட்டது. அவற்றைப் படிக்காவிட்டால், காமிக்ஸின் நைட் அவுல் ஆன டேன் டிரைபர்க் காவலில் இருக்கிறார் என்பது போன்ற விஷயங்களைத் தவறவிடுவீர்கள்.

பொருளில் ஒரு பெரிய மாற்றம் உண்டு. 1986-ல் மூரும் கிப்பன்ஸும் எழுதியது அணுப்போர் பயத்தின் நடுவில். தொடர் அந்த இடத்தில் இனவெறியை வைத்தது, அதுவும் 1921 மே 31, ஜூன் 1 தேதிகளில் ஓக்லஹோமாவின் டல்சாவில் கிரீன்வுட் என்ற கறுப்பினத்தவர் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்துச் சூறையாடிய உண்மைச் சம்பவத்திலிருந்து தொடங்கியது. 35-க்கும் மேற்பட்ட தெருப்பகுதிகள் சாம்பலாயின. முதல் எபிசோட் ஒளிபரப்பான பிறகு, இது கற்பனை என்று நினைத்தோம், பள்ளியில் இதைச் சொல்லித் தரவே இல்லை என்று ஏராளமான அமெரிக்கர்களே சொன்னார்கள். சூப்பர்ஹீரோ கதைக்குள் அரசியலைத் திணித்துவிட்டார்கள் என்ற புகாரை இங்கேதான் அதிகம் கேட்கலாம். நிக்ஸன் இன்னும் ஜனாதிபதியாக இருக்கும், டாக்டர் மன்ஹாட்டனின் கையால் அமெரிக்கா வியட்நாம் போரை வென்ற கதையைப் பற்றி அப்படிச் சொல்பவர்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டத்துக்கு வெளியே அடிக்கும் உரிமையை ஒருவருக்கு யார் கொடுத்தது என்பதுதான் காமிக்ஸின் அடிப்படைக் கேள்வி. அமெரிக்காவில் அந்தக் கேள்வியை இன்னும் ஆழமாகக் கேட்டால் கிளான் முகமூடியில்தான் போய் முட்டும்.

எனக்குத் தொடரில் ஒத்துவராத இடம் வேறு. கடைசி எபிசோடில் வைட்டைக் கைது செய்கிறார்களே, அது. காமிக்ஸின் முடிவு நம்மைத் தூங்கவிடாமல் செய்வதற்குக் காரணம், லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற பொய்யை நல்லவர்களும் காப்பாற்ற ஒப்புக்கொள்வதுதான். சொல்லிவிட்டால் மறுபடி போர், சொல்லாவிட்டால் நாமும் குற்றவாளிகள். ரோர்ஷாக் மட்டும் மறுத்துச் செத்தார். 34 வருடம் வாயை மூடியிருந்த லாரி, முகமூடிப் போலீஸ்காரர் லுக்கிங் கிளாஸ் வைட்டின் மண்டையில் ஒரு அடி போட்டதும் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறாள், பொய் உடைந்தால் உலகம் என்னவாகும் என்ற கேள்வியைத் தொடர் ஆழமாகத் தொடவே இல்லை. பார்க்கும்போது கைதட்டத் தோன்றியது என்பதும் நிஜம். ஆனால் மூலம் நமக்குக் கொடுக்க மறுத்த அந்தத் திருப்தியை இவ்வளவு எளிதாகக் கொடுத்திருக்க வேண்டாம். விசுவாசக் குறைவு என்று நான் சொல்வது உடையையோ நிறத்தையோ இல்லை, இதைத்தான். அதன் பிறகு ஏஞ்சலா பச்சை முட்டையைக் குடித்துவிட்டு நீச்சல்குளத்து நீர்மேல் காலை வைக்கப் போகும் கடைசி ஷாட், நாட்குறிப்பின் மேல் கை நீளும் காமிக்ஸின் கடைசிப் பேனலுக்குச் சரியான ஜோடி. அங்கே மறுபடி பிடித்துவிட்டார்கள்.

மூர் பற்றியும் கேட்பீர்கள். தொடரில் அவர் பெயர் இருக்காது, அது அவருடைய முடிவு. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், புத்தகம் அச்சிலிருந்து போகவே இல்லை. அந்தக் கசப்பில் எந்தத் தழுவலோடும் தன் பெயர் வரக் கூடாது என்று ஒதுங்கிவிட்டார். கிப்பன்ஸ் ஆலோசகராக இருந்தார். லிண்டலாஃப் 2018-ல் ரசிகர்களுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், அந்த 12 இதழ்கள் தங்களுக்குப் பழைய ஏற்பாடு போல, அதில் கைவைக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார். கைவைக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் படைத்தவர் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை இவ்வளவு அன்போடு செய்வது சரியா என்ற சங்கடம் எனக்குத் தொடரை மெச்சும்போதெல்லாம் கூடவே இருக்கிறது. அதைத் தீர்த்துவைக்க என்னால் முடியவில்லை.

2020 எம்மியில் 26 பரிந்துரைகள், 11 விருதுகள், அதில் ரெஜினா கிங்குக்கும் யாஹ்யா அப்துல்-மட்டீனுக்கும், ஆறாவது எபிசோடின் எழுத்துக்கும் கிடைத்தவை உண்டு. இரண்டாவது சீசன் இல்லை, ஒன்பது எபிசோடோடு சரி.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, காமிக்ஸை எடுத்துப் படிப்பது. படத்தை மனதிலிருந்து கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதல் மூன்று இதழ்களின் பின்பக்கங்களில் வரும் மேசனின் அத்தியாயங்களைத் தாண்டிவிடாதீர்கள், எட்டாவது இதழின் தலையங்கத்தையும். பன்னிரண்டும் முடிந்ததும் தொடரின் ஆறாவது எபிசோடை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். அந்தத் தியேட்டர் ஜோடி தெருவில் நடந்து வரும்போது அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், ஆனால் துணிக்குள் இருப்பது யார் என்று மேசனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.